சோளிங்கர் படி இறங்கிப் பழகி, கிரீட் தீவில் மலை இறங்குவது எப்படி?

ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில், ‘லாஸ்ட்’ என்ற கால் அச்சில் தோலை இழுத்துப் பொருத்தும் லாஸ்டிங் பிரிவில், இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவன் நான். ஐரோப்பாக்காரர்கள் காலுக்கு ஷூ செய்து அனுப்பியே தலை நரைத்து, ஐம்பத்திரண்டு வயதில்தான் அந்தப் பக்கம் கால் வைத்தேன். வைத்த மூன்றாம் நாள் இடது கால் கட்டைவிரல் நகம் கறுத்துப் போனது. வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்களே, அதே கதை. ஆகவே கீழே உள்ளதில் பாதி, நான் செய்யாமல் விட்டுப் பட்டுத் தெரிந்துகொண்டது.

போனது கிரீட் தீவுக்கு. கிரேக்க நாட்டுத் தீவுகளில் அதுதான் பெரியது. அங்கே கடற்கரையில் படுத்துக் கிடக்கவும் ஆயிரம் இடம் உண்டு. நாங்கள் போனது சமாரியா மலையிடுக்கில் நடக்க. பைபிளில் வரும் சமாரியா வேறு. இது உள்ளே இருக்கும் எகிப்திய மரியாள் தேவாலயத்தால் வந்த பெயர்.

ஓமலோஸ் மேட்டுநிலத்தில் சுமார் 1,230 மீட்டர் உயரத்தில் பாதை தொடங்குகிறது. 16 கிலோமீட்டர் நடந்தால் ஆயியா ரூமேலி என்ற கடலோரச் சிற்றூர். நம் ஏலகிரியைவிடக் கொஞ்சம் கூடுதல் உயரம், அவ்வளவுதானே என்று நானும் நினைத்தேன். ஏலகிரியில் இறங்கினால் பொன்னேரியோடு முடிந்துவிடும். இங்கே கடல் மட்டம் வரைக்கும் இறங்க வேண்டும். முதல் நாலு கிலோமீட்டரிலேயே உயரத்தில் ஏறக்குறைய பாதி போய்விடுகிறது. மூச்சு வாங்காது. முட்டியும் கால் விரலும்தான் கதறும்.

அதனால் பழகுவது என்றால் இறங்கிப் பழகுங்கள். சோளிங்கர் பெரிய மலைக்கு 1,305 படி. இப்போது ரோப் கார் வந்துவிட்டது. ஊரே படியேறப் பயந்து ரோப் காரில் போகிறது. நீங்களும் அதில் மேலே போய் நரசிம்மரைச் சேவித்துவிட்டு, படி வழியாக இறங்குங்கள். வாரம் ஒரு முறை, இரண்டு மாதம். முதல் வாரம் தொடை நடுங்கும். மறுநாள் வீட்டு மாடிப்படி இறங்கவே கைப்பிடி தேவைப்படும். நாலாவது வாரம் சரியாகிவிடும். படியில் ஒருவர், “என்ன சார் வேண்டுதல், இறங்குவதற்கு மட்டும்?” என்று கேட்டார். என் வீட்டம்மா, “அவருக்கு முட்டிதான் சார் சாமி” என்று சொல்லிவிட்டாள்.

படியில் வெறும் காலோடுதான் நடப்போம். ஷூ போட்டுப் பழக வேறு இடம் வேண்டும். அதற்கு ஏலகிரியில் மங்கலம் கிராமத்தில் தொடங்கும் சுவாமிமலைப் பாதை நல்லது. கல்லும் வேரும் சரளையுமாக இருக்கும். புது ஷூவோடு விமானம் ஏறாதீர்கள். நான் ஏறினேன்.

ஷூ வாங்குவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், என் தொழில் அது. சாயங்காலம் வாங்குங்கள், கால் அப்போதுதான் சற்று வீங்கியிருக்கும். நடக்கும்போது போடப்போகும் கனமான சாக்ஸையே போட்டுப் பாருங்கள். லேஸ் கட்டாமல் பாதத்தை முன்னால் தள்ளி, விரல் நுனி ஷூவைத் தொட்டதும், குதிகாலுக்குப் பின்னால் ஒரு ஆட்காட்டி விரல் நுழைய வேண்டும். நுழையவில்லையா, அடுத்த சைஸ். “தோல்தானே, போடப் போட விரிந்துவிடும்” என்பார்கள் கடையில். அகலம் கொஞ்சம் விரியும், நீளம் விரியாது. இருபத்தாறு வருடம் லாஸ்டில் தோலை இழுத்துப் பொருத்திய எனக்கு இது தெரியாதா? தெரியும். இருந்தும் கச்சிதமாக இருக்கிறதே என்று அழகு பார்த்து வாங்கினேன். இறங்கும்போது ஒவ்வொரு அடிக்கும் விரல் முன்னால் போய் முட்டும். கணுக்காலருகே லேஸை இறுக்கிக் கட்டினால் பாதம் சறுக்காது. மேட்டிலிருந்து கிளம்பும்போதே இறுக்குங்கள். மூன்று நாள் முன்பே நகத்தை வெட்டிவிடுங்கள்.

விசா, டிக்கெட் எல்லாம் சுருக்கமாக: ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா, வேண்டும். ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி பதினைந்து நாள் வரை இழுக்காதீர்கள். 30,000 யூரோவுக்குக் குறையாத பயணக் காப்பீடு கட்டாயம். காட்பாடியில் ரயிலேறிச் சென்னை போய்க் கைரேகை வைத்துவிட்டு, இரவே திரும்பிவிடலாம். ஏதென்ஸ் வரை விமானம். அங்கிருந்து பிரேயஸ் துறைமுகத்தில் இரவுக் கப்பல் ஏறினால் காலையில் கிரீட்டில் உள்ள ஹானியா நகரத்துப் பக்கம். ஹானியாவிலேயே அறை எடுங்கள். விடியற்காலைப் பேருந்து அங்கிருந்து ஓமலோஸ் போகிறது.

பாதை மே முதல் அக்டோபர் வரை திறந்திருக்கும். அக்கினி நட்சத்திரத்தையே பார்த்தவர்கள் நாம் என்று ஜூலை, ஆகஸ்டில் போகாதீர்கள்; வெயில் மிஞ்சினால் பாதையையே மூடிவிடுவார்கள். மழை வந்தாலும் மூடுவார்கள். நாங்கள் போன செப்டம்பர் கடைசி சுகமாக இருந்தது. இருந்தாலும் கையில் இரண்டு நாள் உபரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

வழியில் ஊற்றுத் தண்ணீர் வருகிறது, ஒரு பாட்டில் போதும். ஓடையில் குளிக்கக் கூடாது, இரவு தங்கவும் கூடாது. நுழைவுச்சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உள்ளே யாரும் மாட்டிக்கொள்ளவில்லை என்று தெரிய, வெளியேறும்போது கேட்கிறார்கள். ஏழாவது கிலோமீட்டர் வாக்கில் சமாரியா என்ற காலி கிராமம். 1962இல் இதைத் தேசியப் பூங்கா ஆக்கியபோது மக்களை வெளியேற்றிவிட்டார்கள். வீடுகள் அப்படியே நிற்கின்றன. அங்கே கிரிகிரி என்ற காட்டாடு ஒன்று எங்கள் கடலை மிட்டாய்ப் பையை மோப்பம் பிடித்தது. சோளிங்கர் குரங்கைப் பார்த்துவிட்டுப் போனவர்களுக்கு அது பெரிய விஷயமில்லை. கடைசிப் பகுதியில் இரண்டு பாறைச்சுவர்கள் நெருங்கி வந்து, நடுவில் ஒரு சந்து அளவுக்குத்தான் வழி. அண்ணாந்தால் வானம் ஒரு கோடு.

சைவக்காரர்கள் பயப்பட வேண்டாம். கடையில் ‘நிஸ்டிசிமோ’ என்று கேளுங்கள். விரதச் சாப்பாடு, கறியும் பாலும் சேராது; இறால், கணவாய் மட்டும் சேரலாம், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஃபாவா என்று கேட்டால் மஞ்சள் பருப்புக் கடைசலில் ஆலிவ் எண்ணெய் ஊற்றித் தருவார்கள். என் வீட்டம்மா இரண்டு தட்டு காலி செய்தாள். சாப்பிட்டு முடித்ததும் ராக்கி என்ற சாராயத்தை இலவசமாக வைப்பார்கள். தொடாமல் விட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

ஆயியா ரூமேலிக்குச் சாலை கிடையாது. மாலைப் படகைப் பிடித்து ஸ்ஃபாகியா போய், அங்கிருந்து பேருந்தில் ஹானியா திரும்ப வேண்டும். படகு நேரத்தை முந்தின நாளே விசாரித்து, பேருந்துக்குத் திரும்பும் சீட்டையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். நாங்கள் ஏழு மணி நேரம் நடந்தோம், படகுக்கு இன்னும் அவகாசம் இருந்தது. கூழாங்கல் கடற்கரையில் ஷூவைக் கழற்றினேன். கல் சுட்டது. நகம் கறுப்பு. “ஏங்க, இந்தாங்க” என்று அவள் பையிலிருந்து என் பழைய ஹவாய் செருப்பை எடுத்துப் போட்டாள். ஹானியா வரைக்கும் அதில்தான் வந்தேன். நீங்களும் மறக்காமல் ஒரு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள்.