களைக்கொல்லி தெளிக்கும் பருவத்தில் பண்ணைக்குட்டை மீன்களைக் காக்கும் முறை

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பண்ணைக்குட்டை பெரும்பாலும் நிலத்தின் தாழ்வான மூலையிலேயே வெட்டப்படுகிறது. ஆகவே மேட்டிலுள்ள மக்காச்சோளத்துக்கும் கரும்புக்கும் தெளித்த அட்ரசின் என்னும் களைக்கொல்லி, அடுத்த கனமழையில் வழிந்தோடும் நீருடன் குட்டைக்குள் வந்துவிடுகிறது. அந்த அளவு மீனை உடனே கொல்வது அரிது. ஆனால், அது மீனின் உடலில் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை, அதாவது வீரியமிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகிச் செல்களைச் சிதைக்கும் நிலையை உண்டாக்குகிறது. விந்தகத்திலும் சினைப்பையிலும் பாலின ஹார்மோன்கள் உருவாகும் பணி செல்களுக்கு ஆற்றல் தரும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவில் தொடங்குவதால், அங்கு நேரும் சிதைவு ஹார்மோன் சுரப்பையும் முட்டையின் தரத்தையும் குலைக்கிறது.

முதலில் நீரைத் தடுக்க வேண்டும். இச்சேதத்தைக் குறைக்கும் சத்துகளைத் தீவனத்தில் சேர்ப்பது அதற்கு அடுத்ததுதான். குட்டையின் மேற்புறத்தில் வரப்பை உயர்த்தி, அதையொட்டிச் சில மீட்டர் அகலத்துக்கு வெட்டிவேரோ அடர்ந்த புல்லோ வளர்த்து, தெளிப்புக்குப் பின் பெய்யும் முதல் மழையின் நீரைப் பக்க வாய்க்காலில் திருப்பிவிட வேண்டும். தெளிப்பானைக் குட்டையில் கழுவுவதும், குட்டையின் பாசியை அழிக்கக் களைக்கொல்லி ஊற்றுவதும் ஒருபோதும் கூடாது.

மீனின் உடலை முன்கூட்டியே தயார்படுத்துவது அடுத்த வேலை. கட்லா, ரோகு, கிஃப்ட் என்னும் மேம்படுத்தப்பட்ட திலேப்பியா ஆகியவற்றால் வைட்டமின் சி-யைத் தம் உடலில் உருவாக்கிக்கொள்ள முடியாது. அது தீவனத்தின் வழியாகவே கிடைத்தாக வேண்டும். தவிடும் கடலைப் புண்ணாக்கும் மட்டும் இடும் குட்டைகளில் இந்தக் குறை பெரிது என்பதால், அங்கு தீவனத்தில் வைட்டமின் சேர்க்கும் முறை அதிகம் பயன் தரும் என்று கருதுகிறேன்.

10 கிலோ குருணைத் தீவனத்துக்கு 100 கிராம் சுருள்பாசித் (ஸ்பைருலினா) தூள், தூய வைட்டமின் சி 2 கிராம் கிடைக்கும் அளவுக்கு அஸ்கார்பில் பாஸ்பேட் (எளிதில் சிதையாத வைட்டமின் சி வடிவம்), மருந்துக் கடையில் விற்கும் 400 மில்லிகிராம் வைட்டமின் ஈ எண்ணெய் மாத்திரை (கேப்சூல்) 3 ஆகியவை போதும். சாதாரண வைட்டமின் சி நீரில் கரைந்தும் வெப்பத்தில் சிதைந்தும் வீணாகும் என்பதால் பாஸ்பேட் வடிவத்தையே வாங்க வேண்டும். அதில் எத்தனை சதவீதம் வைட்டமின் உள்ளது என்பதை உறையில் பார்த்து எடையைக் கணக்கிட வேண்டும். நன்கு ஆறிய அரிசிக் கஞ்சியில் சுருள்பாசியையும் வைட்டமின் சி-யையும் கலக்கித் தீவனத்தின் மீது தெளித்துப் புரட்டி, நிழலில் உலர்த்த வேண்டும். அதன் பிறகு, மாத்திரைகளை வெட்டிப் பிழிந்து 100 மில்லி சமையல் எண்ணெயில் கலந்து மேற்பூச்சாகப் பூச வேண்டும். எண்ணெயை முதலில் பூசினால் கஞ்சி ஒட்டாது. வெயிலில் உலர்த்துவதும் பல வாரங்களுக்குச் சேர்த்துவைப்பதும் வைட்டமின்களை அழித்துவிடும். சிறிதாகத் தயாரித்து விரைவில் இட்டு முடிப்பது நல்லது.

மக்காச்சோளத்துக்கு அட்ரசின் விதைத்த சில நாட்களிலேயே தெளிக்கப்படுவதால், அக்கம்பக்கத்து விதைப்பைக் கேட்டறிந்து, அதற்கு இரண்டு வாரம் முன்பே இத்தீவனத்தை இடத் தொடங்க வேண்டும். முருங்கை இலைத்தூளும் ஆக்சிஜனேற்றத் தடுப்புத் தன்மை உடையதே. எனினும், அதிலுள்ள சப்போனின், டானின் என்னும் தாவர வேதிப்பொருட்கள் அளவு மீறினால் வளர்ச்சியைக் குறைக்கும் என்பதால், சிறு அளவிலேயே சேர்க்க வேண்டும். வைட்டமின்களையும் அளவுக்கு மேல் கொட்டுவதால் நன்மை கூடாது.

மழைக்குப் பின் மீன்கள் விடியற்காலையில் மேலே வந்து வாய் பிளந்தால், அதைத் தீவனக் கோளாறாக எண்ணக் கூடாது. அட்ரசின் பாசியின் ஒளிச்சேர்க்கையைத் தடுப்பதால் நீரில் ஆக்சிஜன் குறையக்கூடும். அப்போது உடனே தீவனத்தை நிறுத்தி, காற்றூட்டியை இயக்கவோ கிணற்று நீரைச் சிதறவிட்டுப் பாய்ச்சவோ வேண்டும். தாய் மீன்களை வயல்நீர் எட்டாத தனிக் குட்டையில் வைப்பதே பாதுகாப்பு. ஏனெனில் இத்தீவனம் ஆக்சிஜனேற்றச் சேதத்தைக் குறைக்குமே தவிர, களைக்கொல்லி ஹார்மோன் அமைப்பில் நேரடியாகச் செய்யும் குறுக்கீட்டை முழுதும் தடுக்காது.