ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? அந்தக் கல்வெட்டை வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில் இருக்கிறது. தமிழில் இணையத்தில் அதிகம் சண்டைக்கு இழுக்கப்படும் கல்வெட்டு ஒன்று அந்தக் கோயில் சுவரில்தான் உள்ளது. சுந்தர சோழரின் மூத்த மகன், ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலன் கொலை செய்யப்பட்டான் என்பதற்கு நம்மிடம் உள்ள நேரடிச் சான்று அதுதான். கொலையாளிகளின் பெயரும் அதில் வருகிறது. அப்படி இருந்தும் ஆயிரம் வருடத்துக்குப் பிறகு "கொன்றது யார்" என்ற விவாதம் ஓயவில்லை. காரணம், கல்வெட்டு சொல்வதைவிட அதிகமாக நாம் அதிலிருந்து கேட்கிறோம்.

வரலாற்றாசிரியர்கள் எப்படி வேலை செய்கிறார்கள், நாம் எங்கே வழுக்குகிறோம் என்பதைப் பார்க்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. எனவே பெரும்பாலும் இந்த ஒரு கல்வெட்டோடே போகிறேன்.

அது எந்த வகை ஆவணம்?

பலரும் செய்யும் முதல் தவறு, இந்தக் கல்வெட்டை ஒரு தீர்ப்பு நகலைப் போல வாசிப்பது. உண்மையில் இது ஒரு நில ஆவணம். ராஜகேசரிவர்மன் என்ற அரசரின் 2ஆம் ஆட்சியாண்டில், வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம் என்ற பிராமணர் ஊரின் சபைக்கு அரசாணை ஒன்று வருகிறது. "பாண்டியனைத் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று துரோகிகளான" சோமன், அவன் தம்பி ரவிதாசனான பஞ்சவன் பிரம்மாதிராஜன், அவன் தம்பி பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரம்மாதிராஜன், உடன்பிறந்த மலையனூரான், இவர்களின் உறவினர்கள் ஆகியோரின் உடைமைகளைக் கைப்பற்றி விற்க வேண்டும் என்பது ஆணை. அந்த நிலத்தில் ஒரு பகுதியை ஒருவர் விலைக்கு வாங்கி அறத்துக்கு எழுதி வைக்கிறார். அந்தத் தர்மம் பிற்காலத்தில் தடைபடாமல் நடக்க வேண்டும், நிலம் எப்படிக் கைமாறியது என்று யாரும் கேள்வி எழுப்பக் கூடாது. அதற்காகத்தான் கல்லில் வெட்டினார்கள். கொலை பற்றிய செய்தி, நிலத்தின் முன்கதையாக உள்ளே வருகிறது.

இதைப் புரிந்துகொண்டால் பல கேள்விகள் தாமாகவே விழுந்துவிடும். "கொலைக்கான காரணத்தை ஏன் சொல்லவில்லை?" பத்திரத்துக்கு அது தேவையில்லை. "குற்றவாளிகளுக்கு என்ன தண்டனை?" அதையும் இது சொல்லவில்லை, சொத்து என்னவாயிற்று என்பது மட்டுமே இதன் கவலை. நாடுகடத்தினார்கள், தலையை வெட்டினார்கள், பிராமணர் என்பதால் விட்டுவிட்டார்கள் என்று அவரவர் அடித்துச் சொல்வதில் எதற்கும் இந்தக் கல்வெட்டில் ஆதாரம் இல்லை.

ஆவணத்தைத் திறந்ததும் "இதை எழுதியது யார், யாருக்காக, என்ன தேவைக்காக" என்று கேட்பது வரலாற்றாசிரியர்களின் அடிப்படைப் பழக்கம். அதைக் கேட்காமல் தகவலை மட்டும் பிய்த்து எடுக்கிற இடத்தில்தான் பாதித் தவறுகள் தொடங்குகின்றன.

ஊகத்தைக் கல்லில் எழுதியதாகச் சொல்வது

"ராஜராஜன் தன் 2ஆம் ஆண்டில் இந்த ஆணையைப் பிறப்பித்தார்" என்று நாம் சாதாரணமாக எழுதிவிடுகிறோம். கல்வெட்டில் இருப்பது "ராஜகேசரிவர்மன்" என்ற பட்டம்தான். சோழ மன்னர்கள் ராஜகேசரி, பரகேசரி என்ற இரண்டு பட்டங்களை மாறி மாறி வைத்துக்கொண்டார்கள். சுந்தர சோழர் ராஜகேசரி. ஆதித்த கரிகாலனும் உத்தம சோழனும் பரகேசரிகள். அடுத்து வந்த ராஜராஜன் மறுபடி ராஜகேசரி. சுந்தர சோழரின் 2ஆம் ஆண்டில் ஆதித்த கரிகாலன் உயிரோடு இருந்தான். ஆக, கொலைக்குப் பிறகு வந்த ராஜகேசரி ராஜராஜன்தான். 985இல் அவர் அரியணை ஏறியதால் இது 987 வாக்கில் நடந்திருக்கும்.

இது உறுதியான முடிவு. நானும் இதை ஏற்கிறேன். ஆனாலும் இது கல்லில் உள்ள வாசகம் இல்லை, வாசகத்திலிருந்து பெற்ற முடிவு. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லக் கூடாது. இங்கே ஊகத்துக்குக் கால் ஊன்ற இடம் இருக்கிறது. அடுத்து வரும் ஊகத்துக்கு அவ்வளவு இல்லை.

ஆதாயம் அடைந்தவரே குற்றவாளி என்பது

கொலை நடந்தது 970ஐ ஒட்டிய ஆண்டுகளில். சுந்தர சோழருக்குப் பின் அரியணை ஏறியவர் அவருடைய மகன் இல்லை. ராஜராஜனுக்குச் சிற்றப்பன் முறையான உத்தம சோழன். 985 வரை அவர் ஆட்சி. சொத்துப் பறிமுதல் பற்றிய கல்வெட்டோ ராஜராஜன் காலத்தது. சரி, நடுவில் ஏன் இத்தனை வருடம்? ஆட்சியில் இருந்தவருக்கே பங்கு இருந்ததால்தானே?

இந்த ஐயத்தை வெறும் வம்பாகத் தள்ளிவிட முடியாது. சோழர் வரலாற்றை முழுமையாக எழுதிய நீலகண்ட சாஸ்திரியே உத்தம சோழன் மீது சந்தேகம் கொண்டார். அவருக்கு இன்னொரு சான்றும் இருந்தது. ராஜேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடுகளின் வடமொழிப் பகுதி, ஆதித்தன் விண்ணுலகைக் காணும் ஆசையால் மறைந்தான் என்று நாசூக்காகச் சொல்லிவிட்டு நகர்கிறது. குடிமக்கள் அருள்மொழியை (பின்னாளில் ராஜராஜன்) அரசனாகும்படி வேண்டினார்கள், தன் சிற்றப்பனுக்கு நாட்டின் மீது ஆசை இருக்கும்வரை தனக்கு அது வேண்டாம் என்று அவன் இருந்துவிட்டான் என்றும் சொல்கிறது.

சோழர் வரலாறு எழுதிய இன்னொரு அறிஞரான சதாசிவ பண்டாரத்தார் இந்தக் குற்றச்சாட்டை ஏற்கவில்லை. பின்னாளில் கல்வெட்டைத் திரும்பப் படித்தவர்களும் கேள்விகள் எழுப்பினார்கள். முக்கியமான கேள்வி இது: 2ஆம் ஆண்டுக் கல்வெட்டு, இந்த ஊரில் இந்த நிலம் விற்கப்பட்டதைத்தான் பதிவு செய்கிறது. குற்றவாளிகள் மீது நடவடிக்கை அன்றுதான் தொடங்கியது என்று அதில் எங்கே இருக்கிறது? அதோடு, உத்தம சோழனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் ராஜராஜன் ஆட்சியில் கோயில் நிர்வாகத்தைக் கண்காணிக்கும் பொறுப்பில் இருந்திருக்கிறான். அண்ணனைக் கொன்றவர் என்று கருதிய ஒருவரின் மகனுக்கு அரசன் அப்படிப் பொறுப்புக் கொடுப்பானா? கொடுக்கவே மாட்டான் என்று சொல்ல முடியாதுதான். ஆனால் உத்தம சோழன் மீதான வழக்கு இங்கே தளர்ந்துபோகிறது.

என் கருத்தைச் சொல்வதானால், உத்தம சோழனைக் குற்றவாளி ஆக்க நம்மிடம் உள்ளவை ஒரு கால இடைவெளியும் ஒரு செப்பேட்டுக் கவிதை வரியும் மட்டுமே. அந்தக் கவிதை, கொலை நடந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பிறகு, ராஜராஜனின் மகன் அவையில், ராஜராஜனைப் புகழ்வதற்காக எழுதப்பட்டது. அதை வைத்து ஒரு மனிதரின் பெயரில் கொலைப்பழியை எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை.

பட்டப் பெயர்களிலும் இதே அவசரம் நடக்கிறது. ரவிதாசனுக்குப் "பஞ்சவன்" என்ற பட்டம் இருக்கிறது, பஞ்சவன் என்றால் பாண்டியன், எனவே அவன் பாண்டியரின் ஆள் என்று சொல்பவர்கள் நிறைய. ராஜராஜனின் மனைவியருள் ஒருவர் பஞ்சவன் மாதேவி. பாண்டியரை வென்ற சோழர் அந்தப் பெயரைத் தம் பட்டங்களில் தாராளமாகச் சேர்த்துக்கொண்டார்கள். இன்னொரு தம்பியின் பட்டம் "இருமுடிச்சோழ பிரம்மாதிராஜன்". பிரம்மாதிராஜன் என்பது சோழ அரசு பிராமண அதிகாரிகளுக்கு அளித்த பட்டம். இவற்றை வைத்துப் பார்த்தால் கொலையாளிகள் சோழ அரசின் உள்ளே இருந்த உயர் அதிகாரிகள் என்பது தெரிகிறது. ஆதித்த கரிகாலன் வீரபாண்டியனின் தலையைக் கொய்ததற்குப் பழிவாங்கினார்கள் என்ற விளக்கம் சாத்தியமானதுதான், ஆனால் பட்டம் அதை நிரூபிக்கவில்லை.

சான்று இல்லாததைச் சான்றாக்குவது

"உத்தம சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்றில்கூடக் கொலையைப் பற்றிப் பேச்சே இல்லை, மறைத்துவிட்டார்கள்" என்பது அடிக்கடி கேட்கும் வாதம். கல்வெட்டுகள் எப்படி எஞ்சுகின்றன என்பதை மறந்தால்தான் இப்படிச் சொல்ல முடியும். அன்று பல கோயில்கள் செங்கல்லால் கட்டியவை. உத்தம சோழனின் தாயார் செம்பியன் மாதேவி அவற்றில் பலவற்றைக் கற்றளிகளாக, அதாவது கற்கோயில்களாக, மாற்றினார். திருக்கோடிகாவலில் அப்படிக் கட்டும்போது, பழைய கற்களில் இருந்த சாசனங்களைப் புதிய சுவரில் படியெடுத்து வெட்ட வைத்தார். அந்த அம்மையார் அக்கறையோடு செய்ததை எல்லோரும் செய்யவில்லை. பிற்காலத் திருப்பணிகளில் கற்கள் இடம் மாறின, உடைந்தன, மேலே சுண்ணாம்பு பூசினார்கள். மணல் வீச்சு முறையில் சுவரைச் சுத்தம் செய்து எழுத்துகளைத் தேய்த்துவிட்டது நம் காலத்திலேயே நடந்திருக்கிறது. ஓலையில் எழுதியவை எல்லாம் போய்விட்டன. இத்தனை இழப்புக்குப் பிறகு கையில் மிஞ்சியதில் ஒன்று இல்லை என்றால், அது எழுதப்படவே இல்லை என்று ஆகிவிடாது.

நாவலையும் சாசனத்தையும் கலப்பது

தமிழர்களில் பெரும்பாலோருக்கு ஆதித்த கரிகாலன் அறிமுகமானது 1950களில் தொடராக வந்த கல்கியின் 'பொன்னியின் செல்வன்' வழியாக. நாவலின் மீது எனக்குக் குறை எதுவும் இல்லை. வந்தியத்தேவன் தஞ்சைக் கல்வெட்டில் குந்தவையின் கணவராக வருகிறார். ரவிதாசன் உடையார்குடியில் வருகிறான். நந்தினி எந்தச் சாசனத்திலும் இல்லை, அவள் கல்கியின் படைப்பு. விவாதத்தில் நந்தினியின் நோக்கத்தை வைத்துக் கொலைக்குக் காரணம் சொல்கிறவர்களை இப்போதும் பார்க்கிறேன்.

அரசன் சொன்னதே முழு உண்மை என்பது

கொலையை விட்டுக் கொஞ்சம் வெளியே வருவோம். ராஜேந்திரன் 1025 வாக்கில் கடல் கடந்து கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் வென்றதை அவர் மெய்க்கீர்த்தி விரிவாகப் பாடுகிறது. படையெடுப்பு நடந்ததை ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்கிறார்கள். ஆனால் மெய்க்கீர்த்தி என்பது ஆட்சியாண்டுக்கு முன்னால் அரசனின் வெற்றிகளைப் புகழ்ந்து வைக்கும் பகுதி. அதில் தோல்வி வராது, படை திரும்பிய பிறகு அங்கே என்ன நடந்தது என்பதும் வராது.

சீனாவின் சோங் அரசவைக் குறிப்புகளைப் பாருங்கள். 1106இல் பகான் நாட்டுத் (இன்றைய மியான்மர்) தூதர்களுக்கு என்ன மரியாதை செய்வது என்ற பேச்சு வருகிறது. சோழத் தூதருக்குச் செய்ததைப் போலச் செய்யலாம் என்று பேரரசர் சொல்ல, சோழநாடு ஸ்ரீவிஜயத்துக்கு அடங்கிய நாடு, அந்த மரியாதை இவர்களுக்குப் போதாது என்று அதிகாரிகள் மறுக்கிறார்கள்! தஞ்சைக் கல் ஒன்று சொல்ல, சீனக் குறிப்பு நேர் எதிராகச் சொல்கிறது. நமக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டு மற்றதைப் பொய் என்று தள்ளிவிடலாம். பலர் அதைத்தான் செய்கிறார்கள். வரலாற்றாசிரியர்கள் சீன அதிகாரிகளுக்கு இப்படி ஒரு தகவல் எப்படிப் போயிருக்கும் என்று தேடினார்கள். சீனச் சந்தையில் தங்கள் இடத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஸ்ரீவிஜயத் தரப்பினரே அப்படிச் சொல்லி வைத்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம். அதைப் பின்தொடர்ந்து போனால் வங்கக்கடல் வணிகத்தில் நடந்த போட்டி கண்ணில் படுகிறது. அது வெற்றிப் பட்டியலில் கிடைக்காத செய்தி.

இன்றைய சண்டையை அன்றைக்குக் கொண்டுபோவது

உடையார்குடிக் கல்வெட்டு இன்று ஒரு சாதியைக் குற்றம் சாட்டவும், அதே சாதியைக் காப்பாற்றவும் பயன்படுகிறது. இது என்னை உண்மையிலேயே வருத்தும் விஷயம். சொத்தை இழந்தவர்கள் பிராமண அதிகாரிகள். பறிமுதல் ஆணையைப் பெற்று நிறைவேற்றியதும் சதுர்வேதிமங்கலத்துப் பிராமணச் சபைதான். இருபக்கமும் அவர்களே இருக்கும்போது சாதிப் பகை என்ற சட்டத்துக்குள் இந்த நிகழ்ச்சி உட்காரவில்லை. யார் எந்தப் பதவியில் இருந்தார்கள், அரண்மனையில் யாரோடு நெருக்கம், நிலம் யார் கையில் என்று கேட்டால்தான் ஏதாவது கிடைக்கும்.

உத்திரமேரூரிலும் இதே கதைதான். முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலை முறையை இன்றைய மக்களாட்சி என்று பெருமையாகச் சொல்கிறோம். வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வரை வயது, வேத அறிவு. தகுதிகளைப் படித்தாலே அது யாருக்கான சபை என்பது விளங்கும். கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் அதில் இடம் மறுத்த நேர்த்தி வியக்கத்தக்கது. அதை அதன் காலத்தில் வைத்தே வியக்கலாம்.

"எல்லாம் அவரவர் கருத்துதானே" என்பது

மேலே சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, அப்படியானால் எதுவுமே நிச்சயமில்லை, யார் வேண்டுமானாலும் எதையும் சொல்லலாம் என்று முடிவு கட்டுவது இன்னொரு தவறு. ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டான்: இதில் ஐயமில்லை. கொன்றவர்களாக அரசு கருதியவர்களின் பெயர்கள்: கல்லில் இருக்கின்றன. ஆணை ராஜராஜன் காலத்தது: வலுவான முடிவு. பாண்டியப் பழிவாங்கல்: சாத்தியம். உத்தம சோழனின் கை: மெலிந்த ஊகம். நந்தினி: கற்பனை. நல்ல வரலாற்றாசிரியர் இந்தப் படிகளை மறைக்க மாட்டார். ஒரு நூலையோ காணொலியையோ நம்பலாமா என்று பார்க்க, அதில் "இருக்கலாம்", "என்று கருதலாம்" போன்ற சொற்கள் எங்கே வருகின்றன என்று கவனியுங்கள். கடைசிவரை ஒரே உறுதியோடு பேசுகிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

அப்புறம் ஒன்று. முழுப் பாடத்தைப் படிக்காமல் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு வாதாடக் கூடாது. கல்வெட்டு ஆண்டறிக்கைகளில் பல சாசனங்களுக்கு ஓரிரு வரிச் சுருக்கம்தான் இருக்கும். முழு வாசகம் மைப்படிகளில் (கல்வெட்டின் மீது தாளை ஒற்றி மையால் எடுத்த படிகளில்) இருக்கிறது, அவை பல்லாண்டுகளாக மைசூரில் இருந்தன. தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021இல் உத்தரவிட்டது. படியெடுத்தவற்றில் ஏராளமானவை இன்னும் முழுமையாகப் பதிப்பிக்கப்படவில்லை. உத்தம சோழன் மீது இணையத்தில் வழக்கு நடத்தும் ஆர்வத்தில் ஒரு பங்கை, அந்த மைப்படிகளைப் பதிப்பிக்கச் சொல்லிக் கேட்பதிலும் பழைய எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொள்வதிலும் நாம் செலவழிக்கலாம். தமிழகத் தொல்லியல் துறையும் சில தன்னார்வ அமைப்புகளும் கல்வெட்டுப் பயிற்சி நடத்துகின்றன. ஓரளவு கிரந்த எழுத்தும் சேர்த்துக் கற்றுக்கொண்டால், உடையார்குடிச் சுவருக்கு முன்னால் நின்று நீங்களே வாசிக்கத் தொடங்கலாம்.