நாய்க்குச் சட்டை: வாங்கும்போதும் போடும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் அபார்ட்மென்ட்டில் லட்டு என்று ஒரு பக் நாய் இருக்கிறான். போன தீபாவளிக்குச் சரிகை வைத்த ஷெர்வானி போட்டுக் கீழே கூட்டி வந்தார்கள். பிள்ளைகள் எல்லாம் சுற்றி நின்று போட்டோ எடுத்தார்கள். லட்டு வைத்த இடத்தில் வைத்தபடி நின்றான். "பாருங்க, என்ன சமத்தா நிக்கிறான்!" என்று அவன் வீட்டு அக்காவுக்கு ஒரே பெருமை.

அது சமத்து இல்லை. காது பின்னால் மடிந்திருந்தது. நாக்கு மூக்கைத் தொட்டுத் தொட்டு மீண்டது. கண்ணோரத்தில் வெள்ளை தெரிந்தது. தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி வேறு. நாய் கடித்துக் குதறினால்தான் பிடிக்கவில்லை என்று அர்த்தம் என நாம் நினைக்கிறோம். ஆனால் பல நாய்கள் துணி மாட்டியதும் சிலை மாதிரி உறைந்துதான் போகும். சட்டை போட்ட பிறகு அது வழக்கம்போல நடக்கிறதா, உட்காருகிறதா, உடம்பைச் சிலுப்புகிறதா, கூப்பிட்டால் வாலாட்டி வருகிறதா என்று பாருங்கள். இதில் எதுவும் இல்லையென்றால் கழற்றிவிடுங்கள். போட்டோ ஒன்றும் ஓடிப்போகாது.

சட்டையே கூடாது என்று நான் சொல்லவில்லை. என் வீட்டு நாட்டு நாய் செல்விக்கே மூன்று உருப்படி இருக்கிறது. ஒவ்வொன்றும் ஒரு காரணத்துக்காக வாங்கியது, அல்லது தைத்தது. கடையில் கையை வைக்கும் முன் "இது எதுக்கு?" என்று கேட்டுக்கொண்டாலே பாதித் தவறு குறையும். குளிருக்கா, மழைக்கா, புண்ணை நக்காமல் இருக்கவா, முடி கொட்டிய தோலை மறைக்கவா? பதில் "அழகா இருக்கும்" என்றால் பத்து நிமிஷம் போட்டுக் கழற்றும் சமாச்சாரம் அது. நாள் முழுக்கப் போட்டு வைக்கும் உடை அல்ல.

வெயில் என்பதை மறந்துவிடுவது

நம் ஊரில் நடக்கும் பெரிய தவறு இதுதான். நாயின் உடம்பு இயல்பிலேயே நம்மைவிடச் சூடு. 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை இருப்பது அதற்குச் சாதாரணம். நமக்கு மாதிரி உடம்பெல்லாம் வேர்க்காது. பாதத்தில் மட்டும் கொஞ்சம் வேர்க்கும். சூட்டை வெளியேற்ற அதற்கு இருக்கும் முக்கிய வழி நாக்கைத் தொங்கப்போட்டு இளைப்பதுதான். ஏற்கெனவே உரோமத்தை உடுத்திக்கொண்டு பிறந்த உயிருக்கு மேலே இன்னொரு துணி மாட்டினால் சூடு உள்ளேயே தங்கும்.

பக், புல்டாக், ஷிட்சூ போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சு விடுவதே பாடு. அவை இளைத்துச் சூட்டைக் குறைப்பதும் கடினம். அந்த இனங்களுக்குத்தான் கடைகளில் அதிகம் சட்டை விற்கிறது என்பது வேடிக்கை.

அடர்த்தியான இரட்டை உரோமம் கொண்ட ஹஸ்கி, ஜெர்மன் ஷெப்பர்ட், கோல்டன் ரெட்ரீவர், பொமரேனியன் இவற்றுக்குச் சமவெளியில் ஸ்வெட்டர் தேவையே இல்லை. மார்கழி விடியற்காலையில் நமக்குக் குளிர்கிறது என்று அதற்கும் மாட்டிவிடுகிறோம். கோடையில் இதற்கு நேர்மாறான தவறு. முடியை ஒட்ட மழித்துவிட்டு, வெயில் படுகிறதே என்று டி-ஷர்ட் போடுவார்கள். அந்த உரோமம் வெயிலையும் தடுக்கும். மழித்தால் சில நாய்களுக்கு, குறிப்பாகப் பொமரேனியன்களுக்கு, திரும்ப ஒழுங்காக வளராமல் திட்டுத்திட்டாகப் போவதும் உண்டு. உதிரும் உள்முடியை நன்றாகச் சீவி எடுத்தாலே போதும், காற்று உள்ளே போகும்.

அப்புறம் இந்தக் கூலிங் கோட். தண்ணீரில் நனைத்துப் பிழிந்து போடுவது. ஈரம் ஆவியாகும்போது உடம்புச் சூட்டை எடுத்துக்கொண்டு போகும், மண்பானை வேலை செய்கிற மாதிரி. வேலூரிலோ திருச்சியிலோ வறண்ட ஏப்ரல் காற்றில் இது ஓரளவு உதவும். சென்னையில், தூத்துக்குடியில் காற்றே ஈரமாக இருக்கும் நாளில் ஆவியாவது மந்தமாகிவிடும். அப்போது அது நாயின் மேல் கிடக்கும் வெந்நீர்த் துணி. முழுக்கக் காய்ந்துபோனாலோ சாதாரணக் கம்பளி மாதிரிதான். எந்த ஊராக இருந்தாலும் அரைமணிக்கு ஒருமுறை உள்ளே கைவிட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் கழற்றுங்கள். வெயில் தாக்கிய நாயின் மேல் ஈரத் துண்டைப் போர்த்தி வைப்பதிலும் இதே கோளாறுதான். போர்த்த வேண்டாம். உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறிவிட்டபடி, தாமதிக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். கெட்டியான எச்சில், செக்கச்செவேல் என்ற ஈறு, தள்ளாட்டம் இவை தெரிந்தால் அவசரம்.

யாருக்குத்தான் வேண்டும்?

ஊட்டியில், கொடைக்கானலில் டிசம்பர், ஜனவரி இரவுகள் உறைபனி வரை போகும். அங்கே ஒரு சிப்பிப்பாறை நாயையோ கன்னி நாயையோ வளர்த்தால் ஸ்வெட்டர் அலங்காரம் அல்ல. ஓடுவதற்கென்றே வார்த்த உடம்பு, தோலுக்கடியில் கொழுப்பு அதிகம் கிடையாது, முடியும் குட்டை. மூட்டுவலி உள்ள வயதான நாய், சின்னக் குட்டி, தைராய்டு குறைபாடு போன்றவற்றால் முடி கொட்டிய நாய் இவற்றுக்கும் குளிரில் துணி நல்லது. கிழட்டு நாய்க்குச் சட்டையைவிட முதலில் வேண்டியது தரையில் ஒரு தடித்த விரிப்பு. டைல்ஸின் சில்லிப்பு வயிற்றுப் பக்கமாகத்தான் ஏறும், ஸ்வெட்டர்களோ பெரும்பாலும் முதுகைத்தான் மூடுகின்றன.

ராஜபாளையம் மாதிரி வெள்ளை முடியும் இளஞ்சிவப்புத் தோலும் உள்ள நாய்களுக்கு வெயிலில் தோல் வெந்துபோகும். வெயிலில் இருந்தே தீர வேண்டும் என்றால் மெல்லிய, தளர்ந்த பருத்தித் துணி உதவும். நிழலில் கட்டுவது அதைவிட உதவும்.

'மீடியம்' என்று கேட்டு வாங்குவது

செல்விக்கு முதல் ரெயின்கோட்டை எடையைச் சொல்லி வாங்கினேன். 18 கிலோ, கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். முதுகில் கச்சிதமாக இருந்தது. நாலு எட்டு நடந்ததும் முன்னங்கால் இரண்டையும் குறுக்கிக்கொண்டு கோழி மாதிரி நடக்க ஆரம்பித்தாள். மார்பு இறுக்கம். அரைமணி நேர வாக்கிங் முடிந்து கழற்றினால் இரண்டு அக்குளிலும் சிவந்த கோடு.

எடை ஒன்றும் சொல்லாது. ஒரே எடையில் ஒன்று பீப்பாய் மாதிரி இருக்கும், இன்னொன்று ஆழமான மார்பும் ஒட்டிய இடுப்புமாக இருக்கும். தையல்காரர் வைத்திருக்கும் இன்ச் டேப்பை எடுத்து மூன்று இடத்தில் அளவு எடுங்கள். முதலாவது மார்புச் சுற்றளவு: முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், மிக அகலமான இடத்தில். இதுதான் முக்கியம். இரண்டாவது கழுத்து, பட்டை கட்டும் இடத்தில். மூன்றாவது முதுகு நீளம், கழுத்து முடிகிற இடத்திலிருந்து வால் தொடங்கும் இடம் வரை. நாய் நின்றபடி இருக்க வேண்டும். உட்கார வைத்து எடுத்தால் முதுகு தப்பாக வரும். செல்விக்கு மார்பு 25, கழுத்து 15, முதுகு 21 இன்ச். இரண்டு அளவுக்கு நடுவில் வந்தால் மார்புக்குப் பொருந்துவதையே எடுங்கள்.

போட்டபின் கழுத்திலும் மார்பிலும் இரண்டு விரல் தாராளமாக உள்ளே போக வேண்டும். கை முழுக்கப் போனாலும் தப்பு. கால் மாட்டிக்கொண்டு விழும். ஆண் நாய் என்றால் வயிற்றுப் பக்கத் துணி முன்னாலேயே முடிந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு கம்பத்தடியிலும் அது நனையும். வளரும் குட்டிக்கு "பெருசா வாங்கினா நாளைக்கும் ஆகும்" என்ற நம் பள்ளிச் சீருடைக் கணக்கு இங்கே ஒத்துவராது.

இன்னொன்று: சங்கிலியைச் சட்டையில் இருக்கும் வளையத்தில் கோக்காதீர்கள். பல சட்டைகளில் அது வெறும் அழகுக்குத் தைத்தது. நாய் ஒரு இழுப்பு இழுத்தால் தையல் பிரிந்து கையில் துணி மட்டும் மிஞ்சும். மார்போடு சேர்த்துக் கட்டும் வாரான ஹார்னஸ் தனி, சட்டை தனி.

ஆபரேஷனுக்குப் பிறகு போடும் உடை

செல்விக்குக் கருத்தடை ஆபரேஷன் ஆனபோது, புண்ணை நக்காமல் தடுக்கும் கூம்பைக் கழுத்தில் மாட்டினால் அவள் சுவரெல்லாம் இடித்துக்கொண்டு அழுதாள். சரி என்று என் அண்ணன் மகனின் பழைய பனியன் ஒன்றை எடுத்தேன். தலையைக் கழுத்து வழியாகவும் முன்னங்கால்களைக் கை வழியாகவும் விட்டு, முன்பக்கம் முதுகுக்கு வரும்படி போட்டு, தொளதொளப்பை இடுப்புக்கு மேலே முடிச்சுப் போட்டேன். வயிற்றுத் தையல் மறைந்துவிட்டது. நிம்மதி.

அந்த நிம்மதிதான் தவறு. மறைந்துவிட்டதால் நானும் பார்க்கவில்லை. நான்காம் நாள் ஒரு வாடை. திறந்து பார்த்தால் துணியின் அடிப்பக்கம் ஈரம், தையலைச் சுற்றிச் சிவப்பு. பின்பக்கம் சிறுநீர் பட்டிருந்தது. முன்பக்கம் அவள் துணியோடு சேர்த்தே நக்கியிருக்கிறாள். எச்சில் துணி வழியாகத் தையலில் ஊறியிருக்கிறது. மருத்துவர் கேட்டார், "மூடி வெச்சா ஆறிடும்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

தையல் பிரிக்கும் வரை, அதாவது பெரும்பாலும் 10 முதல் 14 நாள், காலையும் மாலையும் துணியை விலக்கிப் புண்ணைப் பார்க்க வேண்டும். மாற்றுத் துணி இரண்டு மூன்று தயாராக இருக்கட்டும். வெளியே போகும்போது பின்பக்கத்தைச் சுருட்டி மேலே கட்டிவிடுங்கள். துணி இறுக்கமாகவும் வேண்டாம், தொங்கவும் வேண்டாம். துணிமேலேயே நக்கும் நாய்க்குக் கூம்பும் சேர்த்துத்தான் போட வேண்டும்; பாவம் பார்த்தால் மறுபடி தையல். வீக்கம், கசிவு, வாடை எது இருந்தாலும் வீட்டு மஞ்சள் வேண்டாம், போனை எடுங்கள்.

பருவம் வந்த பெண் நாய்க்குப் போடும் டயப்பரும் இந்த வகைதான். கறை படியாமல் இருக்கத்தான் அது. ஆண் நாயைத் தடுத்துவிடும் என்று நம்பி வெளியே விட்டால் இரண்டு மாதத்தில் குட்டிகள். நனைந்ததை உடனே மாற்றாவிட்டால் தோல் வெந்துவிடும். இரவு முழுக்க ஒரே டயப்பர் கூடவே கூடாது.

மழையும் உண்ணியும்

ரெயின்கோட் நல்ல பொருள். ஐப்பசி கார்த்திகையில் நனைந்த நாயைத் துவட்டும் வேலை பாதியாகிறது. ஆனால் காற்றுப் போகாத பிளாஸ்டிக் கோட்டை மழை நின்ற பிறகும் மாட்டி வைத்தால் உள்ளே புழுங்கி, மழையில் நனையாத நாய் ஆவியில் நனையும். வீட்டுக்குள் வந்ததும் கழற்றித் துவட்டுங்கள். ஈரத்துணி தோலோடு ஒட்டிக் கிடந்தால் அரிப்பு, பூஞ்சை, அந்தப் புளித்த வாடை எல்லாம் வரிசையாக வரும்.

நம் ஊரில் சட்டை மறைக்கும் இன்னொரு ஆள் உண்ணி. உண்ணிக் காய்ச்சலில் நாயைப் பறிகொடுத்தவர்கள் தெருவுக்கு ஒருவர் இருப்பார்கள். துணிக்குள் கதகதப்பாக இருந்தால் உண்ணி கண்ணில் படாமல் குடித்தனம் நடத்தும். தினம் ஒருமுறை கழற்றி, கழுத்து மடிப்பு, காது, அக்குள், விரலிடுக்கு எல்லாம் தடவிப் பாருங்கள். நீள முடி நாய்களுக்குத் துணி உரசும் இடத்தில் முடி சிக்காகித் தோலை இழுக்கும். சீவிவிட்டுத்தான் மறுபடி போட வேண்டும். துவைக்கும்போது வாசனை கம்ஃபர்ட் எதுவும் வேண்டாம். நமக்கு மல்லிகை, அதற்கு அரிப்பு.

பட்டன், ஜிமிக்கி, குட்டி மணி வைத்த சட்டைகளைப் பற்றி ஒரே வரி: நாய் அதைக் கடித்து எடுக்கும், விழுங்கும், குடலில் அடைத்தால் ஆபரேஷன்.

ஷூவைப் பற்றியும் கேட்கிறார்கள். வெயில் தார்ச்சாலையில் புறங்கையை வையுங்கள். ஏழு விநாடி தாங்க முடியாவிட்டால் நாயின் பாதத்துக்கும் தாங்காது. அதற்கு ஷூ வாங்கி மத்தியானத்தில் நடக்க வைப்பது தீர்வு என்று நினைக்கிறோம். பாதம் தப்பிக்கும், சாலையிலிருந்து எழும் சூடு வயிற்றில் அடிக்கும். தரையை ஒட்டி நடக்கும் டாக்ஸ்ஹண்டுக்கு இன்னும் மோசம். நடையை விடியற்காலைக்கு மாற்றுங்கள். பாதத்தில் காயம், கட்டு என்றால் ஷூ சரிதான். அதையும் முதலில் வீட்டுக்குள் ஒரு காலில் ஐந்து நிமிஷம் போட்டு, தின்பதற்கு எதையாவது கொடுத்துப் பழக்குங்கள்.

தெரு நாய்களுக்குக் குளிருக்கென்று பழைய டி-ஷர்ட் போட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மனசு நல்ல மனசு. ஆனால் கழற்ற ஆள் இல்லாத சட்டை அது. மழையில் நனைந்து உடம்போடு ஒட்டும், வேலியில் மாட்டும், மாதக்கணக்கில் அழுகும். அவற்றுக்கு இரவில் வண்டி வெளிச்சத்தில் மின்னும் கழுத்துப் பட்டையும், திண்ணை ஓரமாக மடித்துப் போட்ட ஒரு கோணிச் சாக்கும் போதும். எங்கள் தெரு முனைக் கருப்பன் அந்தச் சாக்கில்தான் இரண்டு மழைக்காலமாகத் தூங்குகிறான்.