அலமாரியில் உதிரும் சப்பாத்து

டிசம்பர் போயாவோடு (பௌர்ணமியோடு) சிவனொளிபாதமலை யாத்திரை சீசன் தொடங்கியதும், கழுவிப் பத்திரப்படுத்திய சப்பாத்தைப் பலரும் வெளியே எடுக்கிறார்கள். நானும் எடுத்தேன். மேலே பளபளப்பு, அடியில் ரப்பர் பல்லும் தேயவில்லை. நல்லதண்ணியிலிருந்து ஏறினேன், பாதி தாண்டுமுன் குதிகால் பக்கம் பிட்டுப் போல உதிரத் தொடங்கியது.

உதிர்ந்தது தரையைத் தொடும் ரப்பரும் அல்ல, உள்ளங்கால் படும் விரிப்பும் அல்ல. இரண்டுக்கும் நடுவே இருக்கும் நுரை மெத்தை. அது பாலியூரிதேன் என்ற பிளாஸ்டிக் நுரையாக இருந்தால் ஈரமே எமன். காற்றின் ஈரப்பதம் உள்ளே இறங்கி, நுரையின் வேதிப் பிணைப்புகளை மெல்ல மெல்ல அறுக்கும். நுவரெலியா, ஹற்றன் பக்கத்து அலமாரியில் துணிக்கே பூஞ்சணம் பிடிக்கிறது, சப்பாத்து எம்மாத்திரம்? இதில் நாம் செய்யும் பெரிய தவறு, பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி வைப்பது. புகுந்த ஈரம் வெளியேற வழியே இல்லை. இடைக்கிடை போட்டு நடந்தால் நுரை அமுங்கி விரிந்து ஈரத்தைக் கொஞ்சமாவது வெளியே தள்ளும். ‘நல்லது கெட்டதுக்குப் போடலாம்’ என்று வைத்த சோடிதான் முதலில் சாகிறது. உதிர்ந்த பிறகு ஒட்டவும் முடியாது. பசை பிடிக்க அங்கே உறுதியான இடமே மிஞ்சியிருக்காது.

எடை குறைந்த ஓட்டச் சப்பாத்துகளில் பெரும்பாலும் ஈ.வி.ஏ. என்ற இன்னொரு வகைப் பிளாஸ்டிக் நுரை. அது ஈரத்தைத் தாங்கும், சூட்டைத் தாங்காது. மழையில் நனைந்ததை அடுப்பங்கரையில் சாய்த்து வைத்தால் நுரை சுருங்கும், பசையும் விட்டுவிடும். பழைய பத்திரிகைத் தாளைத் திணித்து, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். தாள் நனைந்ததும் மாற்ற வேண்டும். அதைத்தான் எல்லோரும் மறக்கிறோம்.

அடியில் பல் இருக்கிறதே என்று நம்புவது இன்னொரு தவறு. ஓட்டக்காரர்கள் 500 முதல் 800 கிலோமீற்றர் வரை என்று கணக்கு வைப்பார்கள். அதற்குள் ரப்பர் தேயாமலே நுரை நசுங்கிவிடலாம். சப்பாத்தின் பக்கவாட்டைப் பாருங்கள். ஆழமான சுருக்கங்களோ, மேசையில் வைத்தால் ஒருபக்கச் சாய்வோ தெரிந்தால் அதன் காலம் முடிந்தது. புது உள்விரிப்பு போட்டு அதை மறைக்கலாம், மாற்ற முடியாது.

வாங்கும்போது பெருவிரலால் அமுக்கி, மெத்தென்று இருப்பதையே தேர்ந்தெடுக்காதீர்கள். ஆயிரக்கணக்கான படிகளில் இறங்கும்போது அளவுக்கு மீறிய மென்மை கணுக்காலைத் தள்ளாட வைக்கும்.

பயணத்துக்கு ஒரு கிழமை முன்பே தேயிலை மலைக் குறுக்குப்பாதையில் ஒருமுறை ஏறி இறங்கிப் பாருங்கள். உதிர்வதானால் வீட்டுப் பக்கத்திலேயே உதிரட்டும். நான் அன்று தேநீர்க் கடையில் சணல் கயிறு கேட்டு வாங்கி, சப்பாத்தைக் கட்டிக்கொண்டுதான் மலையிறங்கினேன்.