ரெண்டு பேருக்கு ஒரே பை: ஏற்காட்டு மழையில் நடக்கப் போகிறவர்களுக்கு

போன ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பையன்கள். இருவருக்கும் சேர்த்து மடியில் ஒரே ஒரு பை. "சேர்வராயன் கோயில் பார்த்துட்டு எஸ்டேட் வழியா இறங்கிடலாம்டா. நீ மெதுவா வா, நான் முன்னாடி போயிடறேன்" என்றான் ஒருவன். இருபதாவது கொண்டை ஊசி வளைவு வரைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை. அதே வார்த்தையை அப்படியே ஒருநாள் நானும் சொன்னவன்தான்.

செருப்போடு ஏறாதே, தண்ணீர் எடுத்துப் போ என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன். மழையில் நடக்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

சேலத்து வெயிலை நம்புவது

சேலம் ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு 1,500 மீட்டர், கோயில் உச்சி 1,600க்கும் மேல். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறு டிகிரி குறையும். புது பஸ் ஸ்டாண்டில் வியர்த்து வழியும்போது ஸ்வெட்டர் எதற்கு என்றுதான் தோன்றும். மழையில் நனைந்த ஜீன்ஸோடு கோயில் மேட்டுக் காற்றில் ஐந்து நிமிடம் நின்றால் எதற்கென்று தெரிந்துவிடும்.

மதியத்துக்கு மேல் உச்சியில் இருப்பது

காலையில் வானம் பளிச்சென்று இருக்கும், ஏமாறாதீர்கள். வெயில் ஏற ஏற ஈரக்காற்று சரிவோடு மேலெழும்பி, மதியத்துக்கு மேல் கருமேகமாகத் திரளும். ஏப்ரல், மே கோடை மழையும் அக்டோபர் இடி மழையும் பெரும்பாலும் பிற்பகலில்தான் பிடிக்கும். கோயில் மேடு மொட்டைப் புல்வெளி. அங்கே உயரமாக நிற்பது நீங்கள்தான். மின்னல் தெரிந்ததும் எண்ணத் தொடங்குங்கள். மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர் கணக்கு. முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் செல்ஃபியை விட்டுவிட்டு இறங்குங்கள். ஒற்றை மரத்தடியில் ஒதுங்க வேண்டாம்.

"நீ மெதுவா வா, நான் முன்னாடி போறேன்"

இதற்குத்தான் இவ்வளவு நேரம் பொறுமையாக இருந்தேன்.

ஒரு அக்டோபர் மாதம். கோயிலில் இருந்து காபித் தோட்டத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தோம். நண்பனுக்கு இறக்கத்தில் முட்டி வலி. "நீ மெதுவா வா மாப்ள, நான் போய் பஸ்ஸை நிறுத்தி வைக்கிறேன்" என்றேன். உதவி செய்கிற நினைப்பு! டார்ச், மழைக்கோட்டு, பவர் பேங்க் எல்லாம் என் முதுகில். அவன் கையில் சார்ஜ் தீரப் போகிற போன் மட்டும்.

பத்து நிமிடத்தில் மூடுபனி இறங்கியது. நாலாவது சில்வர் ஓக் மரத்துக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. காபித் தோட்டத்தில் எல்லாப் பாதையும் ஒரே மாதிரி இருக்கும்: அதே செம்மண், அதே மிளகுக் கொடி, அதே கிளைப்பாதை. நான் யோசிக்காமல் இடப்பக்கம் திரும்பியிருந்தேன். அவன் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தபோது மழை என் கால்தடத்தைக் கரைத்துவிட்டது. வலப்பக்கம் போய்விட்டான்.

ரோட்டில் முக்கால் மணி நேரம் நின்றேன். பஸ் வந்தது, போனது. அப்புறம் அவனைத் தேடி மேலே ஏறினேன். அவனோ என்னைத் தேடி வேறு சரிவில் சுற்றிக்கொண்டிருந்தான். காணாமல் போன இருவர் ஒருவரை ஒருவர் தேடினால் எங்கே சந்திப்பது? கத்தினால் காபி இலைமேல் மழை விழும் சத்தம்தான் பதிலுக்குக் கேட்டது.

இருட்டிய பிறகு தோட்டக் காவலாளி ஒருவர் அவனைக் கூட்டிவந்தார். சாக்கைக் கொங்காடை போட்டுக்கொண்டு வந்தான், பல் தந்தியடித்தது. நான் பையைத் திறந்து மழைக்கோட்டை நீட்டினேன். மடிப்புக் கலையாமல் இருந்தது. அதை அவன் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. சேலம் வர வாடகைக் கார், நனைந்து செத்த போன், ஆறு மாதம் பேசாத நண்பன். இதுதான் செலவுக் கணக்கு.

இப்போது நாங்கள் நடப்பது இப்படி. மெதுவாக நடப்பவர் முன்னால் போவார், வேகக்காரன் பின்னால் வருவான். கடுப்பாகத்தான் இருக்கும், பழகிக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு பை, அதில் ஆளுக்கொரு டார்ச், மழைக்கோட்டு, விசில். பாதை பிரியும் இடத்தில் பின்னால் வருபவரின் முகம் தெரியும் வரை நிற்க வேண்டும், குரல் கேட்டால் மட்டும் போதாது. அப்படியும் பிரிந்துவிட்டால் பின்னால் இருப்பவர் அசையக் கூடாது. முன்னால் போனவர்தான் வந்த வழியே திரும்ப வேண்டும். இந்த ஒப்பந்தத்தை பஸ்ஸிலேயே பேசி முடித்துவிடுங்கள். மூடுபனிக்குள் நின்றுகொண்டு பேச முடியாது.

அந்தப் பையன்களிடமும் சொன்னேன். "கொஞ்ச தூரம்தானே அண்ணா" என்றார்கள்.

கலங்கி ஓடும் ஓடையைத் தாண்டுவது

வேண்டாம்.

காட்டெருமையைப் படம் எடுக்கக் கிட்டே போவது

அதுவும் வேண்டாம். மூடுபனியில் அதைப் பாறை என்று நினைத்து நடந்தவன் நான்.

கடைசி பஸ்ஸை இறங்கும்போது விசாரிப்பது

காலையில் ஏறும்போதே கண்டக்டரிடம் கேளுங்கள். அதற்கு முந்தைய பஸ்ஸில் திரும்புவதாகத் திட்டம் போடுங்கள்.