தோழியின் கோழிகளை நம் வீட்டுக்குக் கொண்டுவருவது எப்படி?

என் தோழி வீடு மாறினாள். புது வீடு மூன்றாவது மாடியில். கொல்லையில் வளர்த்த நான்கு பெட்டைக் கோழிகளை என்ன செய்வதென்று இரண்டு வாரம் தவித்தாள். ஒருநாள் மதியம் இருவரும் குரோஷே பின்னிக்கொண்டிருந்தபோது கொக்கி ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "நீ வெச்சுக்கிறியாடி?" என்று கேட்டாள். நான் அதுவரை கோழி வளர்த்ததே இல்லை. சரி என்று சொன்ன பிறகுதான் யோசிக்கவே ஆரம்பித்தேன். நீங்களும் அப்படிச் சரி சொல்லிவிட்டு விழித்துக்கொண்டிருந்தால், படியுங்கள்.

உங்கள் பகுதியில் வீட்டில் கோழி வைத்துக்கொள்ள அனுமதி உண்டா என்பதை மட்டும் முதல் வேலையாக விசாரித்துவிடுங்கள்.

படி 1: முதலில் பழக்கங்களைக் கேட்டு வாங்குங்கள்

ஒரு சாயங்காலம் முழுக்கத் தோழியின் கொல்லையில் போய் உட்காருங்கள். என்ன தீவனம், எந்த நேரத்தில், ஒவ்வொன்றுக்கும் என்ன வயது, குடற்புழு மருந்து கடைசியாக எப்போது கொடுத்தாள், எது அடிக்கடி அடைக்கு உட்காரும், எது மற்றவற்றைக் கொத்தும் என்று எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். என் தோழி தீவனம் போடும் முன் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைக் குலுக்கி "பா... பா... பா..." என்பாள். எந்த மூலையில் இருந்தாலும் நான்கும் விழுந்தடித்து ஓடிவரும். அந்த டப்பாவையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். பிறகு என் மானத்தைக் காப்பாற்றியது அதுதான்.

அவளிடம் மிச்சமிருக்கும் தீவனத்தையும் வாங்கிவிடுங்கள். புதுத் தீவனத்தை ஒரு வாரம் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றினால் வயிறு கெடாது.

கேட்கச் சங்கடமான கேள்வி ஒன்றும் உண்டு. முதல் இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு முட்டை குறைந்துகொண்டே போகும். ஆனால் கோழி ஆறு முதல் எட்டு ஆண்டுகள் வரைகூட உயிரோடிருக்கும். முட்டை நின்ற பிறகு என்ன செய்யப்போகிறோம் என்பதை இருவரும் வாய்விட்டுப் பேசிவிடுங்கள். பின்னால் மனக்கசப்பு வருவதைவிட இது தேவலாம்.

படி 2: கூட்டை முன்கூட்டியே தயார் செய்யுங்கள்

கூட்டுக்குள் கோழி ஒன்றுக்கு 4 சதுர அடி, வெளியே உலாவ 10 சதுர அடி என்று வைத்துக்கொள்ளலாம். இரவில் ஏறி உட்கார ஒரு கட்டை வேண்டும், தலைக்கு 20 முதல் 25 செ.மீ. நீளம். முட்டையிடும் பெட்டி ஒரு அடிக்கு ஒரு அடி போதும். மூன்று நான்கு கோழிகள் ஒரே பெட்டியைப் பகிர்ந்துகொள்ளும். எத்தனை பெட்டி வைத்தாலும் எல்லாமே ஒரே பெட்டிக்குத்தான் வரிசையில் நிற்கும், அது வேறு விஷயம்.

நான் செய்த தப்பைச் சொல்கிறேன். முட்டைப் பெட்டியை உட்காரும் கட்டையைவிட உயரத்தில் மாட்டிவிட்டேன். கோழி இருப்பதிலேயே உயரமான இடத்தில்தான் தூங்கும். விளைவு, நான்கும் பெட்டிக்குள்ளேயே படுத்து, காலையில் வைக்கோல் முழுக்க எச்சம். கட்டைதான் மேலே இருக்க வேண்டும்.

அப்புறம் வலை. அறுகோணக் கண் வைத்த மெல்லிய கோழிவலை, கோழியை உள்ளே வைக்கும். வெளியிலிருந்து வரும் நாயையும் கீரியையும் அது தடுக்காது. அரை அங்குலக் கண் உள்ள, பற்றவைத்த கம்பி வலையைப் போடுங்கள். இதில் மட்டும் காசைப் பார்க்காதீர்கள்.

படி 3: இருட்டிய பிறகு தூக்குங்கள்

பகலில் கோழியைத் துரத்திப் பிடிக்கப் போனால் ஊரே வேடிக்கை பார்க்கும். கோழிக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது. கட்டையில் உட்கார்ந்திருக்கும்போது இரு கைகளாலும் இறக்கைகளை உடம்போடு சேர்த்து அணைத்துத் தூக்கினால் முனகலோடு சரி. தலைகீழாகத் தொங்கவிட வேண்டாம். அதற்கு மூச்சு முட்டும்.

தூக்கும்போதே டார்ச் அடித்து ஆசனவாயைச் சுற்றியுள்ள இறகை விலக்கிப் பேன் இருக்கிறதா என்று பாருங்கள். கால் செதில்கள் தூக்கிக்கொண்டு சொரசொரவென்று இருந்தால் அதுவும் ஒருவகை உண்ணியின் வேலைதான். காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் வைக்கோல் பரப்பி, பெட்டிக்கு இரண்டாக வையுங்கள். கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். அதனால் வண்டிக்குள் புழுக்கம் இருக்கக் கூடாது.

வந்ததும் நேராகக் கட்டையில் உட்காரவைத்துவிட்டு விளக்கை அணைத்துவிடுங்கள்.

படி 4: முதல் வாரம்

நான்கைந்து நாள் கூட்டையும் அதன் அடைப்பையும் விட்டு வெளியே விடாதீர்கள். இதுதான் வீடு என்று அதற்குப் பதிய வேண்டும். நாளைக்குத் தலைக்கு 100 முதல் 120 கிராம் தீவனம், கால் லிட்டர் தண்ணீர். வெயில் நாளில் தண்ணீர் இரண்டு மடங்காகும். முட்டை நின்றுபோகும், பயப்படாதீர்கள். என் வீட்டில் முதல் முட்டை பதினேழாம் நாள்தான் வந்தது. அதையும் பெட்டியில் இடாமல் துடைப்பத்துக்குப் பின்னால் இட்டு வைத்திருந்தது.

புது இடத்தில் யார் பெரியவள் என்று கொத்திக்கொண்டு ஒரு சண்டை நடக்கலாம். கோழிகளுக்குள் இப்படி ஒரு படிநிலை உண்டென்று 1921இல் விவரித்தவர் நார்வேக்காரரான தோர்லைஃப் ஷெல்டெரூப்-எப்பே. இரத்தம் வராதவரை நடுவில் போகாதீர்கள். ஏற்கெனவே உங்களிடம் கோழி இருந்தால் மட்டும் புதியவற்றை 30 நாள் தள்ளி வைத்துவிட்டு, வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகச் சில நாள் பார்க்கவிட்டு, பிறகு சேருங்கள். கூட்டு வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ மறக்காதீர்கள்.

படி 5: தோழியை வரவழைக்க ஒரு வேலை வையுங்கள்

கொடுத்தவளுக்குக் குற்ற உணர்ச்சி இருக்கும். "சும்மா வந்து பாரு" என்றால் வரமாட்டாள். "குரோஷே ஏப்ரன் ஒன்று பின்னணும், அளவு தெரியல, வா" என்றேன். மறுநாளே நூல்கண்டோடு வந்துவிட்டாள்.

அது முட்டை சேகரிக்கும் ஏப்ரன், எட்டுப் பைகள் வைத்தது. துவைத்தால் தாங்கும் பருத்தி நூல்தான் நல்லது. முட்டையின் இடுப்புச் சுற்று சுமார் 14 செ.மீ., அதனால் தட்டையான பை 7 செ.மீ. அகலம் இருந்தால்தான் முட்டை நுழையவே செய்யும். 8 செ.மீ. வையுங்கள், ஆழமும் அதே 8. வாய்ப்பக்கக் கடைசி வரிசையில் இரண்டிரண்டு கண்ணியைச் சேர்த்துப் பின்னிச் சுருக்கிவிட்டால், குனியும்போது முட்டை உருளாது.

ஆனால் கூட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பின்னாதீர்கள். நாங்கள் அப்படித்தான் உட்கார்ந்தோம். இரண்டு நாள் கழித்துக் கறுப்புக் கோழி நொண்டியது. தூக்கிப் பார்த்தால், நடுவிரலில் ஒரு முழ நூல் நாலு சுற்றுச் சுற்றி இறுகி, விரல் வீங்கியிருந்தது. தோழி கோழியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொள்ள, நான் தையல் கத்தரியின் நுனியை நூலுக்கடியில் நுழைத்து ஒவ்வொரு சுற்றாக வெட்டினேன். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் விரல் போயிருக்கும். நூலை விழுங்கினால் கழுத்தடியில் உள்ள தீனிப்பையில் போய் அடைத்துக்கொள்ளும், அது இன்னும் மோசம். இப்போது திண்ணையில்தான் பின்னுகிறோம். எழுந்திருக்கும் முன் தரையைக் கூட்டிப் பொறுக்கிவிடுகிறோம்.

வாராவாரம் தோழி வருகிறாள், டப்பாவையும் அவள்தான் குலுக்குகிறாள். கோழிகளுக்கு இது இறகு உதிர்க்கும் காலம், முட்டை சுத்தமாக நின்றுவிட்டது. ஏப்ரனின் எட்டுப் பைகளில் ஆறு காலி. ஒன்றில் கத்தரி, இன்னொன்றில் அவளுடைய கொக்கி ஊசி.