வென்ட், கான், பீன்: ஸ்கேனுக்குப் போனவர் திரும்பிவிட்டாரா?

நாகர்கோவிலில் மாலை நேரத்தில் செவிலியர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். பெரும்பாலும் ஓஇடி என்ற, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வை எழுதி பிரிட்டனுக்கோ அயர்லாந்துக்கோ போகிறவர்கள். வாயில் நுழையாத மருந்துப் பெயர்களைக்கூடத் தடுமாறாமல் சொல்லிவிடுவார்கள். ‘கோ’ என்கிற சின்ன வினைதான் அவர்களைப் படுத்துகிறது. கோ, வென்ட், கான் என்று பள்ளியில் ஒப்பித்தது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. எதை எங்கே வைப்பது என்பதில்தான் சிக்கல். வார்டில் அது வெறும் இலக்கணச் சிக்கல் அல்ல.

முதலில் வென்ட். நடந்து முடிந்த ஒரு நேரம் மனதில் இருந்தால் இதுதான். நேற்று, போன வாரம், 2019-ல், காலை பத்து மணிக்கு: ‘ஷீ வென்ட் ஃபார் எ ஸ்கேன் அட் டென்.’ போனேன், போனாள், போனார்கள் என்று தமிழில் ஆளுக்கு ஆள் மாறும். வென்ட் யாருக்கும் மாறாது. துணைக்கும் எதுவும் வேண்டாம்.

கேள்வியிலும் மறுப்பிலும் ‘டிட்’ வந்துவிட்டால் வென்ட் திரும்பவும் ‘கோ’ ஆகிவிடும். இறந்தகாலத்தை டிட் சுமக்கிறது, இன்னொரு முறை சுமக்கத் தேவையில்லை. ‘டிட் யூ கோ?’, ‘ஐ டிட் நாட் கோ.’ ‘டிட் நாட் வென்ட்’ என்று நாக்கு போகும்போது ‘போகவில்லை’யை நினைத்துக்கொள்ளுங்கள். நாமும் ‘போனேன் இல்லை’ என்று பேசுவதில்லை. ‘போக’வோடுதான் ‘இல்லை’யைச் சேர்க்கிறோம்.

கோவுக்கும் வென்ட்டுக்கும் ஓர் எழுத்துகூட ஒத்துப்போகவில்லையே என்று வகுப்பில் கேட்பார்கள். நல்ல கேள்வி. வென்ட் உண்மையில் ‘வெண்ட்’ என்ற வேறொரு வினையின் இறந்தகாலம். கடைசி ஒலி மென்மையாக (d) இருந்தால் நிகழ்காலம், வன்மையாக (t) இருந்தால் இறந்தகாலம். கடன் கொடுப்பதைச் சொல்லும் லெண்ட், லென்ட் ஜோடியும் அப்படித்தான். கோவுக்கு முன்பு வேறு இறந்தகால வடிவம் இருந்தது. 15ஆம் நூற்றாண்டு வாக்கில் அதைத் தள்ளிவிட்டு வென்ட் அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

அடுத்து கான். வினையாக இது தனியே நிற்காது. ஹேவ், ஹேஸ், ஹேட் மூன்றில் ஒன்று முன்னால் வேண்டும். ‘ஐ கான்’ என்று ஒரு வாக்கியமே கிடையாது.

இங்கேதான் வார்டுக்கு வருகிறோம். ஷிஃப்ட் மாறும்போது நாலாம் படுக்கை நோயாளியைப் பற்றி ஒப்படைக்கிறீர்கள். ‘ஷீ ஹேஸ் கான் ஃபார் எ ஸ்கேன்’ என்றால் படுக்கை காலி, அவர் இன்னும் ஸ்கேன் அறையில் இருக்கிறார். ‘ஷீ ஹேஸ் பீன் ஃபார் எ ஸ்கேன்’ என்றால் போய்த் திரும்பிவிட்டார், இனி ரிப்போர்ட்டைத்தான் கேட்க வேண்டும். ‘போயிருக்காங்க’, ‘போயிட்டு வந்துட்டாங்க’ என்று நாம் பிரித்துச் சொல்வதை ஆங்கிலம் கான், பீன் என்ற ஒரே சொல் மாற்றத்தில் சொல்லிவிடுகிறது. மாற்றிச் சொன்னால், அடுத்த ஷிஃப்ட்காரர் கட்டிலில் இருப்பவரைத் தேடி ஸ்கேன் அறைக்கு ஃபோன் போடுவார்.

உங்களைப் பற்றிச் சொல்லும்போதும் இதே கணக்குதான். துபாயில் வேலை பார்த்துத் திரும்பியவர் நேர்காணலில் ‘ஐ ஹேவ் கான் டு துபாய்’ என்றால், கேட்பவருக்கு அவர் இன்னும் துபாயில் இருப்பதுபோலப் படும். ‘ஐ ஹேவ் பீன் டு துபாய்’ என்பதே சரி. எந்த வருடம் என்று அடுத்த கேள்வி வந்தால் உடனே வென்ட்டுக்குத் தாவுங்கள்: ‘ஐ வென்ட் தேர் இன் 2019.’ ஹேவ் கான், ஹேவ் பீன் இரண்டோடும் யெஸ்டர்டே போன்ற முடிந்த நேரச் சொல் ஒட்டாது.

இன்னொன்று, இதை ஒவ்வொரு வகுப்பிலும் அழுத்திச் சொல்வேன். நோயாளியின் உறவினரிடம் ‘ஹி ஹேஸ் கான்’ என்று இடத்தைச் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். தமிழில் ‘போயிட்டார்’ என்று மொட்டையாகச் சொன்னால் நெஞ்சு திக்கென்று ஆகுமே, ஆங்கிலத்திலும் அதே பொருள் உண்டு. ‘ஹி ஹேஸ் கான் டு எக்ஸ்ரே’ என்று இடத்தோடு ஒரே மூச்சில் சொல்லி முடியுங்கள்.

இனி ‘ஹேட் கான்’. அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான், காரணமும் நம் தமிழிலேயே இருக்கிறது. ‘நேத்து ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன்’ என்கிறோம். தமிழில் அது முழுமையான, அழகான வாக்கியம். அதை அப்படியே ‘ஐ ஹேட் கான் டு எ வெட்டிங் யெஸ்டர்டே’ என்று தூக்கிவைத்தால், கேட்பவர் ‘சரி, அதற்குப் பிறகு என்ன நடந்தது?’ என்று காத்திருப்பார். ஹேட் கான் என்பது கடந்துபோன இன்னொரு நிகழ்ச்சிக்கும் முந்தையது. ‘வென் தி டாக்டர் கேம், ஷீ ஹேட் கான் டு எக்ஸ்ரே’: டாக்டர் வந்தது ஒன்று, அதற்கு முன்பே நோயாளி போனது இன்னொன்று.

ஆகவே ஹேட் கான் எழுதும் முன் ‘எதற்கு முன்?’ என்று உங்களையே கேளுங்கள். பதில் இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் வென்ட் போதும். ஓஇடி தேர்வில் எழுதும் கடிதத்தில் நோயாளியின் பின்கதையை எழுதும்போது வரிக்கு வரி ஹேட் ஹேட் என்று போடும் பழக்கம் பலருக்கு உண்டு. ‘ஷீ ஹேட் கான் டு ஹர் ஜிபி ஆன் 3 மார்ச்’ (ஜிபி என்றால் குடும்ப மருத்துவர்) என்று எழுதியிருந்தால் ஹேட் கானை அடித்துவிட்டு வென்ட் போடுங்கள். தேதி இருக்கிறது, வரிசை தெளிவாக இருக்கிறது, வேறென்ன வேண்டும்?

இதே மாதிரி தமிழ் இழுத்துவிடும் இன்னோர் இடம் ‘போவேன்’. ‘சின்ன வயசுல தினமும் சர்ச்சுக்குப் போவேன்’ என்பதை ‘ஐ வில் கோ’ என்றால் இனிமேல் போகப்போவதாக ஆகிவிடும். ‘ஐ யூஸ்ட் டு கோ’ என்று சொல்லுங்கள்.

சில சில்லறை விஷயங்கள். ஹோம், தேர், அப்ராட், அப்ஸ்டேர்ஸ் முன்னால் டு கிடையாது: ‘வென்ட் ஹோம்.’ கரண்ட் போனால் ‘தி பவர் வென்ட் ஆஃப்.’ கெட்டுப்போனது, வெளிறிப்போனார் என்று நம் ‘போ’ செய்கிற வேலையை வென்ட்டும் செய்யும்: ‘தி மில்க் வென்ட் பேட்’, ‘ஹி வென்ட் பேல்’. வார்டில் அடிக்கடி காதில் விழும் ‘வென்ட் இன்டு ஷாக்’கும் இந்த வகைதான்.

சொல்லிப் பார்க்க மூன்று படுக்கைகள். இரண்டாம் படுக்கை ஒன்பது மணிக்கு எக்ஸ்ரே போனார். ஐந்தாம் படுக்கை ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிறார். ஏழாம் படுக்கை பிசியோவுக்குப் போய் வந்துவிட்டார். வாய்விட்டுச் சொன்ன பிறகு ஒப்பிடுங்கள்: ‘பெட் டூ வென்ட் டு எக்ஸ்ரே அட் நைன். பெட் ஃபைவ் ஹேஸ் கான் டு தியேட்டர். பெட் செவன் ஹேஸ் பீன் டு பிசியோ.’